வெடித்தது எந்த நட்சத்திரம்

கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் அப்பாவின் முறை வருவதற்கு இன்னும் பத்துப் பேர் இருந்தார்கள். அப்போதுதான் என் போனுக்கு அந்தச் செய்தி வந்தது. ஏதோ ஒரு நாட்டில் யாரோ ஒருவர் தன் வீட்டுத் தொலைநோக்கியில் ஒரு புதிய ஒளிப்புள்ளியைப் பார்த்திருந்தார். அது சூப்பர்நோவாதான் என்று உறுதியாகியிருந்தது. இப்படிப்பட்ட செய்திகள் எனக்குத் தினமும் வரும், பெரும்பாலும் திறக்காமலே அழித்துவிடுவேன். அன்று திறந்ததற்குக் காரணம் அது வெடித்திருந்த இடம். என் முனைவர் பட்டத்துக்காக ஐந்து வருஷம் நான் உட்கார்ந்து எண்ணிய விண்மீன் மண்டலம் அது. அதன் சுருள் கைகளில் எந்தக் கையில் எந்த நட்சத்திரக் கூட்டம் இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

நான் எழுந்து நின்றதைப் பார்த்து அப்பா பயந்துவிட்டார். பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்டதிலிருந்து, யாராவது சட்டென்று எழுந்தாலே கெட்ட செய்தி என்று நினைப்பார்.

"இன்னாம்மா, யாருக்கு இன்னா ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் இல்லப்பா. ஒரு நட்சத்திரம் வெடிச்சிடுச்சு."

"எப்போ?"

"ரெண்டு கோடி வருஷத்துக்கு முன்னாடி. வெளிச்சம் இப்பத்தான் நமக்கு வந்து சேர்ந்திருக்கு."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்போ எக்சர்சைஸ் முடிச்சிட்டே போலாம். உக்காரு."

உட்கார்ந்தேன். வேறு வழியில்லை. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கித் தூக்கி வைத்த அந்த முக்கால் மணி நேரமும் என் மனம் அங்கே இல்லை. உலகத்தில் இந்த வேலையைச் செய்கிற நாலைந்து குழுக்களும் இந்நேரம் பழைய படங்களைத் திறந்திருப்பார்கள் என்பதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். சூரியனைப் போல எட்டு மடங்குக்கு மேல் எடையுள்ள நட்சத்திரம், தன் எரிபொருள் தீர்ந்ததும், தன் எடையைத் தானே தாங்க முடியாமல் உள்ளே சரிந்து, வெளியே வெடித்துச் சிதறும். பாடப்புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது, கல்லூரியில் நானும் அப்படித்தான் சொல்லித்தருகிறேன். ஆனால் எட்டு மடங்குக்கு மேலே உள்ள எல்லாமே வெடிக்குமா, சிலது மட்டுமா, எந்தச் சிலது? இதைச் சரிபார்க்க நேரான வழி ஒன்றுதான் உண்டு. ஒரு நட்சத்திரம் வெடித்த பிறகு, அது வெடிப்பதற்கு முன்பு வேறு யாரோ வேறு எதற்கோ எடுத்துவைத்த படத்தைத் தேடியெடுத்து, அதே இடத்தில் எது நின்றுகொண்டிருந்தது என்று பார்க்க வேண்டும். அப்படித் தேடி இதுவரை கிடைத்தவை அதிகமில்லை. அவற்றிலும் பெரும்பாலானவை சிவந்து ஊதிப்போன நட்சத்திரங்கள், அந்த இனத்திலேயே எடை குறைந்தவை. எடை கூடிய சிவப்பு நட்சத்திரங்கள் வானத்தில் நிறைய இருக்கின்றன. அவை வெடித்ததைச் சந்தேகமில்லாமல் பார்த்தவர் யாரும் இல்லை. அவை சத்தமே இல்லாமல் கருந்துளையாகிவிடுகின்றன என்று சிலர் சொல்கிறார்கள். அவற்றைச் சுற்றியுள்ள தூசு ஒளியை மறைப்பதால் நாம்தான் எடையைக் குறைத்துக் கணக்கிட்டு ஏமாறுகிறோம் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். இந்தச் சண்டையில் எனக்கும் ஒரு சின்ன இடம் வேண்டும் என்பதுதான் என் ஆசை.

அந்த இடம் எனக்கு வேறு எப்படியும் கிடைக்கப்போவதில்லை. பட்டம் முடித்ததும் வெளிநாட்டில் ஒரு ஆராய்ச்சி வேலை கிடைத்தது. விசாவுக்கு நாள் குறித்த வாரத்தில் அப்பா விழுந்தார். அம்மா ஏற்கெனவே இல்லை. மில் மூடும்வரை மில்லிலும், அதற்குப் பிறகு ஆட்டோ ஓட்டியும் என்னைப் படிக்கவைத்தவரை விட்டுவிட்டு எங்கே போவது? முத்தியால்பேட்டை வீட்டுக்கு வந்துவிட்டேன். பக்கத்தில் ஒரு கல்லூரியில் ஒப்பந்த விரிவுரையாளர் வேலை. வாரத்தில் மூன்று நாள் கோரிமேடு. ஆராய்ச்சிக்கு மிச்சமிருந்தது ஒரு மடிக்கணினியும் என் பட்ட ஆய்வுக்கு வழிகாட்டிய கைடு அம்மாவின் போன் நம்பரும்தான்.

ஆட்டோவில் அப்பாவை ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், தெருவில் குழாய் பதிக்கத் தோண்டியவர்கள் இணையக் கேபிளை வெட்டிப்போட்டிருந்தார்கள். போனிலிருந்து இணைப்பு கொடுத்துப் பார்த்தேன். நான் இறக்க வேண்டிய கோப்புகள் ஒவ்வொன்றும் யானை அளவு. ஒரு மணி நேரத்தில் கால் கோப்பு இறங்கி நின்றுவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன்.

எதிர்வீட்டில் இருப்பவர் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். எழுபதைத் தாண்டியவர், தனியாக இருந்தார். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோதே, தன்னைப் பிரெஞ்சுக்காரரைக் கூப்பிடுவதுபோல மிசியே என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவைத்திருந்தார். பாரிசில் இருக்கும் மகளோடு தினமும் வீடியோவில் பேசுவதற்காக அவர் வேறு கம்பெனியின் நல்ல இணைப்பு வைத்திருந்தார். அது வேறு பக்கத்திலிருந்து வருவதால் வெட்டுப்படவில்லை.

விஷயத்தைச் சொன்னேன். பாதிதான் கேட்டார். செருப்பை வெளியே விடச் சொன்னார், மேசையைத் துடைத்துக் கொடுத்தார், ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். நாலு மணிக்கு மகள் கூப்பிடுவாள், அப்போது நான் எதையும் இறக்கக் கூடாது. நாலு மணிக்கு முக்கியமான கோப்பு முக்கால்வாசி வந்திருந்தது. நிறுத்தினேன். அவர் ஐம்பது நிமிஷம் பேசினார். நடுவில் கேமராவை என் பக்கம் திருப்பி, எதிர்வீட்டுப் பெண், சாட்டிலைட் வேலை பார்க்கிறாள் என்று மகளிடம் அறிமுகம் வேறு செய்தார். நான் சிரித்துக் கையசைத்தேன். உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருந்தது. அவர் பேசி முடித்ததும் மறுபடி தொடங்கினால், கோப்பு விட்ட இடத்திலிருந்து வராமல் முதலிலிருந்து வந்தது.

அன்று மாலை அந்த மேசையிலேயே படத்தைத் திறந்தேன். வெடிப்புக்குப் பிறகு எடுத்த படம் ஒன்று, வெடிப்புக்குப் பல வருஷம் முன்பு விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படம் ஒன்று. இரண்டிலும் பொதுவாக இருக்கிற நட்சத்திரங்களைப் பிடித்து ஒன்றின்மேல் ஒன்றைப் பொருத்த வேண்டும். பொருத்தினால் சூப்பர்நோவா இருக்கிற இடம் பழைய படத்தில் எங்கே விழுகிறது என்று தெரியும். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் ஒரு சின்னப் பிழை இருக்கும் என்பதால், அது புள்ளியாக விழாமல் ஒரு வட்டமாகத்தான் விழும். வட்டத்துக்குள் ஒரே ஒரு நட்சத்திரம் இருந்தால் நமக்கு அதிர்ஷ்டம்.

என் வட்டத்துக்குள் இரண்டு இருந்தன.

ஒன்று பிரகாசமானது, நல்ல சிவப்பு. என் பட்ட ஆய்வின் பட்டியலில் ஏற்கெனவே இருந்தது. என் கணக்கில் அதன் எடை சூரியனைப் போல இருபது மடங்குக்கும் மேல். அதாவது, வெடித்து யாரும் பார்த்ததில்லை என்று சொன்னேனே, அந்த இனம். இன்னொன்று அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த மங்கலான பொட்டு. பழைய கேமராவின் படம் என்பதால் இரண்டும் பாதி கலந்து கிடந்தன. வட்டத்தின் மையம் இரண்டுக்கும் நடுவில் விழுந்தது. உண்மையைச் சொல்வதானால், மங்கலானதற்குக் கொஞ்சம் பக்கத்தில்.

அந்தக் கொஞ்சத்தை நான் பார்க்க விரும்பவில்லை. இன்னும் இரண்டு முறை பொருத்தினேன். ஒவ்வொரு முறையும் வேறு நட்சத்திரங்களைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு முறை மையம் சிவப்பின் பக்கம் மயிரிழை நகர்ந்தது. எனக்குப் பிடித்த அந்தப் பொருத்தத்தைத்தான் கைடுக்கு அனுப்பினேன்.

கைடு அம்மா மறுநாள் காலை கூப்பிட்டார். ஐம்பது வயதுக்காரர், எதையும் சுற்றி வளைத்துப் பேசாதவர்.

"மத்த ரெண்டு பொருத்தம் எங்கம்மா?" என்றார்.

நான் சொல்லவேயில்லை. இரண்டு என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஒரே தடவையில் நிறுத்துகிற ஆள் நீ இல்லையே என்றார். எல்லாவற்றையும் அனுப்பினேன். அரை மணி நேரத்தில் மறுபடி கூப்பிட்டார். எதுவென்று சொல்ல முடியாது, இரண்டையும் எழுது, மங்கலானதுதான் பக்கத்தில் இருக்கிறது என்பதையும் எழுது என்றார். நான் வாதாடினேன். கனமான சிவப்பு நட்சத்திரம் ஒன்று வெடித்ததற்கு இதுதான் முதல் ஆதாரமாக இருக்கலாம், நாம் தயங்கினால் வேறு குழு எழுதிவிடும் என்றேன். எழுதட்டும் என்றார். வெடிப்பின் ஒளி இதுவரை கூடிவருகிற விதம் சாதாரண எடையுள்ள நட்சத்திரத்துக்குரியதாகத்தான் இருக்கிறது, அதை ஏன் நீ பேசவே மாட்டேன் என்கிறாய் என்று கேட்டார்.

"உங்களுக்கு வேலை நிரந்தரம் மேடம். தப்பாப் போனாலும் போகலன்னாலும் உங்களுக்கு ஒண்ணும் இல்ல. எனக்கு இது ஒண்ணுதான் இருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

அவர் "சரி. ரெண்டையும் எழுது" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

எழுதினேன். மூன்று பக்கக் குறிப்பு. வெடித்தது இரண்டில் எது என்று இப்போதைக்குச் சொல்ல இயலாது என்பதுதான் அதன் மொத்தச் செய்தி. அதை யார் படிப்பார்கள்? நாங்கள் வெளியிட்ட இரண்டாம் நாள் வெளிநாட்டுக் குழு ஒன்று பெரிய கட்டுரை வெளியிட்டது. அவர்கள் கையில் எங்களிடம் இருந்ததைவிடக் கூர்மையான படம் இருந்தது. அவர்களுடைய வட்டத்துக்குள்ளும் அந்த இரண்டு நட்சத்திரங்களும் இருந்தன. மங்கலானதை ஒரு வரியில் தள்ளிவிட்டு, வெடித்தது சிவப்புதான் என்று தலைப்பிலேயே எழுதியிருந்தார்கள். சிவப்பின் எடைக்கு என் பட்டியலைத்தான் பயன்படுத்தியிருந்தார்கள்.

அடுத்த வாரம் தமிழ்ப் பேப்பரில்கூட வந்துவிட்டது. உலகச் செய்திகள் பக்கத்தில் நாலு வரி, கூடவே சம்பந்தமில்லாத ஒரு படம். அப்பா பேப்பரை எழுத்து விடாமல் படிப்பவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டார்.

"இது உன் நட்சத்திரம்தானே? உன் பேரக் காணோமே."

"நான் கண்டுபுடிக்கலப்பா."

"நீ கண்டதத்தானே இவனுங்களும் கண்டிருக்கானுங்க?"

சமையலறைக்குப் போய்க் குழம்பைக் கிண்டினேன். கிண்டுவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு மூன்று வருஷம். இந்த வேலையின் கொடுமையே இந்தக் காத்திருப்புதான். வெடித்தது எது என்று முடிவாகத் தெரிய வேண்டுமானால், சூப்பர்நோவாவின் ஒளி அடங்கும்வரை காத்திருந்து மறுபடி படம் எடுக்க வேண்டும். எந்த நட்சத்திரம் இடத்தில் இல்லையோ அதுதான் வெடித்தது. ஒளி அடங்க வருஷக்கணக்கில் ஆகும். அடங்கிய பிறகும் படம் எடுக்கத் தொலைநோக்கியில் நேரம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு முறை விண்ணப்பித்தேன். முதல் முறை, இன்னும் ஒளி அடங்கியிருக்காது என்று திருப்பிவிட்டார்கள். இரண்டாம் முறை, இந்தக் கேள்விக்கு ஏற்கெனவே விடை கிடைத்துவிட்டது என்று, அந்த வெளிநாட்டுக் கட்டுரையைக் காட்டித் திருப்பிவிட்டார்கள். அன்று மடிக்கணினியை மூடிய வேகத்தில் அதன் ஓரம் விரிசல் விட்டது. இன்றும் டேப் ஒட்டித்தான் வைத்திருக்கிறேன்.

கைடு அம்மாவோடு பேச்சு குறைந்துபோனது. பொங்கலுக்கு அவர் வாழ்த்து அனுப்புவார், நான் ஒரு பூப்படம் அனுப்புவேன். அவ்வளவுதான். கல்லூரியில் சூப்பர்நோவா பாடம் வரும்போது மாணவர்கள் அந்தப் பேப்பர் செய்தியைச் சொல்வார்கள். கனமான சிவப்பு நட்சத்திரமும் வெடிக்கும் என்று நிரூபித்துவிட்டார்களாமே மிஸ் என்பார்கள். ஆமாம் என்று சொல்லவும் மனம் வராது, இல்லை என்று சொல்ல என் கையில் ஆதாரமும் கிடையாது. அந்த மூன்று வருஷமும், அன்று கைடு மட்டும் குறுக்கே நிற்காமல் இருந்திருந்தால் அந்தத் தலைப்பு என்னுடையது என்பதைத் தவிர வேறெதுவும் நான் நினைக்கவில்லை. வெளிநாட்டு வேலைக்கு மறுபடி விண்ணப்பித்த இடங்களிலிருந்தெல்லாம், உங்கள் பெயரில் குறிப்பிடத்தக்க ஆய்வு முடிவு எதுவும் இல்லை என்ற பொருளில் பதில் வந்தபோதெல்லாம் அவர் முகம்தான் கண்முன் வந்தது.

இதற்கிடையே அப்பா கைத்தடியோடு நடக்கத் தொடங்கிவிட்டார். காலையில் குருசுக்குப்பம்வரை தனியாகப் போய், படகு வந்திருந்தால் சங்கரா மீன் வாங்கிக்கொண்டு வருவார். கோரிமேட்டுக்குப் போவது மாதம் ஒருமுறையாகக் குறைந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல். அப்பா வாசலில் உட்கார்ந்து மீன் செதில் உரசிக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போல அந்த மண்டலத்தின் பெயரைப் போட்டுப் படக் கிடங்கில் தேடினேன். வாரத்துக்கு ஒருமுறை இப்படித் தேடுவேன், ஒன்றும் இருக்காது. அன்று ஒரு புதிய படம் இருந்தது. அந்த மண்டலத்தின் தூரத்தை அளப்பதற்காக யாரோ எடுத்த படம். அவர்களுக்குச் சூப்பர்நோவாவைப் பற்றிக் கவலையில்லை. பொதுப் பார்வைக்கு வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. இப்போது எங்கள் இணைப்பும் நன்றாகவே இருந்தது. பத்து நிமிஷத்தில் கோப்பு இறங்கியது.

பொருத்தினேன். சிவப்பு நட்சத்திரம் அப்படியே இருந்தது.

முதலில் நம்பவில்லை. தவறான இடத்தைப் பார்க்கிறேனோ என்று பக்கத்து நட்சத்திரங்களை ஒவ்வொன்றாக எண்ணினேன். எல்லாம் சரியாக இருந்தன. புதிய கேமரா என்பதால் இரண்டும் இப்போது நன்றாகப் பிரிந்து தெரிந்தன. சிவப்பு அதே இடத்தில், அதே பிரகாசத்தில், எதுவுமே நடக்காத மாதிரி நின்றது. வெடித்தது அது இல்லை. மங்கலானது இருந்த இடத்தில் சூப்பர்நோவாவின் மிச்ச ஒளி இன்னும் புகைந்துகொண்டிருந்தது. அதற்கு அடியில் அந்தப் பழைய நட்சத்திரம் இருக்கிறதா, போய்விட்டதா என்று சொல்ல முடியவில்லை. மங்கலானதுதான் வெடித்திருக்கும். ஆனால் அதற்கும் அடியில், எந்தக் கேமராவுக்கும் தெரியாத ஒன்று வெடித்திருக்கவும் இடமுண்டு.

சந்தோஷப்பட வேண்டிய நேரம். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அன்று கைடிடம் வாதாடி நான் ஜெயித்திருந்தால் அந்தத் தவறான தலைப்பில் என் பெயர்தான் இருந்திருக்கும். யாரை மூன்று வருஷமாக மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேனோ, அவருக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். வாசலுக்கும் அறைக்கும் இரண்டு நடை நடந்தேன். இன்னாம்மா ஆச்சு என்று அப்பா கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றேன். பிறகு போனை எடுத்தேன்.

"மேடம், செவப்பு அப்படியே இருக்கு."

அவருக்கு எதைப் பற்றி என்று விளக்க வேண்டியிருக்கவில்லை. படத்தின் எண்ணைக் கேட்டார், தானும் இறக்கினார். போனை வைக்காமலே இரண்டு பேரும் அவரவர் கணினியில் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் வீட்டில் குக்கர் விசில் அடித்தது எனக்குக் கேட்டது. நான் அன்று பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். வேலை நிரந்தரம் என்று சொன்னதை அவர் மறந்திருப்பார் என்று நினைத்திருந்தேன். மறக்கவில்லை.

"அன்னிக்கு நீ சொன்னது எனக்கு வலிச்சுது" என்றார். "ஆனா உனக்கு ஒண்ணு தெரியாது. நீ அனுப்புறதுக்கு முன்னாடியே நானும் பொருத்திப் பாத்துட்டேன். ஒரு தடவ இல்ல, ஆறு தடவ. எனக்கும் அது செவப்பா இருக்கணும்னுதான் ஆச. அதனாலதான் எம்மேலயே எனக்கு நம்பிக்கை வரல."

இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் மூன்று வருஷம் வீணாகியிருக்காதே என்று கோபம்தான் வந்தது. அதையும் சொன்னேன். ஆமாம், சொல்லியிருக்கணும் என்று ஒத்துக்கொண்டார்.

உடனே எழுத உட்கார்ந்தோம். நாலு நாளில் பாதிக் கட்டுரை ஆனது. ஐந்தாம் நாள் அந்த வெளிநாட்டுக் குழுவே திருத்தம் வெளியிட்டுவிட்டது. அவர்களும் அதே படத்தைப் பார்த்திருக்கிறார்கள். தங்கள் முடிவு தவறு, சிவப்பு நட்சத்திரம் இன்னும் இருக்கிறது என்று நேர்மையாகவே எழுதியிருந்தார்கள். மங்கலான நட்சத்திரத்தையும் கணக்கில் எடுத்திருந்த குறிப்பு ஒன்று அப்போதே வந்திருந்தது என்று எங்களைப் பற்றி ஒரு வரி இருந்தது. பேப்பரில் இந்தத் திருத்தம் வரவில்லை. என் மாணவர்கள் இன்னும் பழைய செய்தியைத்தான் சொல்கிறார்கள். இப்போதாவது இல்லை என்று சொல்ல முடிகிறது. அப்படியானால் எதுதான் வெடித்தது மிஸ் என்று கேட்கிறார்கள். தெரியாது என்கிறேன். கனமான சிவப்பு நட்சத்திரங்கள் வெடிக்குமா என்ற கேள்வி, நான் பட்டம் வாங்கிய அன்று எங்கே இருந்ததோ அங்கேயேதான் கிடக்கிறது.

திருத்தம் எழுதிய குழுவில் கணக்குப் போட்டவர் என் வயதுக்காரர். அவரிடமிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. மங்கலானதை ஒரு வரியில் தள்ளியது தன் முடிவுதான், அப்போது தனக்கும் ஒரு வேலை தேவைப்பட்டது என்று எழுதியிருந்தார். மிச்ச ஒளியும் அடங்கிய பிறகு சேர்ந்து விண்ணப்பிக்கலாமா என்று கேட்டிருந்தார். நான் பத்து நாள் பதில் போடவில்லை. என் பட்டியலை எடுத்து, என் மண்டலத்தில், என்னைவிட இரண்டு நாள் பிந்தி வந்து, தவறாகச் சொல்லி, அதற்கு வேலையும் வாங்கிக்கொண்ட ஆள். கைடு அம்மாவிடம் சொன்னபோது, அது உன் இஷ்டம், நான் இதில் வாயைத் திறக்க மாட்டேன் என்றுவிட்டார்.

பதினோராம் நாள், சரி என்று ஒரே வரியில் எழுதினேன். போன மாதம் விண்ணப்பம் போய்விட்டது. கைடு அம்மாவையும் சேர்த்து மூன்று பேர் பெயர்களும் இருக்கின்றன, முதலில் என்னுடையது. அவர்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. ஆனால் விண்ணப்பத்துக்காக நான் பொருத்திய படத்தில் இரண்டு இடத்தில் பிழை இருப்பதை அவர்தான் கண்டுபிடித்துச் சொன்னார்.